மகளின் வட்ஸ்அப்பில் வந்த ‘லண்டன் அண்ணா’

சென்ற ஆண்டு எங்கள் வீட்டில் நடந்ததை, மகளிடம் கேட்டு அவள் சம்மதித்த பிறகுதான் எழுதுகிறேன். ஊர் யாழ்ப்பாணம், அவள் அப்போது தரம் 8.

2020 இல் கொரோனாவுக்குப் பள்ளிக்கூடங்கள் பூட்டியபோது பாடமெல்லாம் வட்ஸ்அப்புக்கு வந்தது. பள்ளிக்கூடம் திறந்த பிறகும் அது போகவில்லை. நோட்ஸ், சோதனைத் திகதி, வகுப்பு நேர மாற்றம் எல்லாம் ரியூசன் குறூப்பில்தான். “போனைப் பறிச்சு வையுங்கோ” என்று சொல்கிறவர்களுக்கு இது விளங்குவதில்லை. அந்தக் குறூப்பில் இருக்கிற எவரும் மற்றப் பிள்ளைகளின் நம்பரைப் பார்க்கலாம்.

அப்படித்தான் ஒருவன் வந்தான். +44 இல் தொடங்கும் நம்பர். “நான் உங்கட சித்தப்பான்ர மகன், லண்டனில இருக்கிறன்.” வெளிநாட்டில் சொந்தம் இல்லாத வீடு எங்கள் பக்கம் அரிது. புது நம்பரில் இருந்து மாமா எடுப்பார், பெரியம்மா எடுப்பா. யாரென்று தெரியாவிட்டாலும் மரியாதையாகக் கதைக்கத்தான் பிள்ளைகளைப் பழக்கியிருக்கிறோம். அவன் அந்த வழியால்தான் நுழைந்தான். முதலில் படிப்பைப் பற்றி விசாரித்தான். பிறகு பிறந்தநாளுக்குப் புது போன் அனுப்புவதாகச் சொன்னான். பள்ளிச் சீருடையோடு ஒரு படம் கேட்டான், அவளும் அனுப்பினாள். அடுத்ததாகக் கேட்டது ஒரு பிள்ளையிடம் கேட்கக் கூடாத படம். அவள் மறுத்ததும், சீருடைப் படத்தை எடிற் பண்ணி குறூப்பில் போடுவேன் என்று வெருட்டினான்.

“அம்மா, கோவிக்காட்டி ஒண்டு காட்டட்டோ?” என்று வந்து நின்றாள். போனை நீட்டின கை நடுங்கியது. முழுவதையும் வாசித்து முடிக்கும் வரை நான் வாய் திறக்கவில்லை. பிறகு, “காட்டினது நல்லது பிள்ளை. போன் உன்னட்டத்தான் இருக்கும்” என்றேன். அவளுடைய பயத்தில் பாதி அவனைப் பற்றியது, மீதி எங்களைப் பற்றியது. அந்த மீதியை முதலில் எடுத்துவிட்டால்தான் பிள்ளை முழுக் கதையையும் சொல்லும். அன்றிரவு அவள் இன்னும் பலதைச் சொன்னாள்.

மகளின் அப்பாவுக்கு உடனே அவனுக்கு எடுத்து ஏச வேண்டும் போலிருந்தது. வேண்டாம் என்று மறித்தேன். ஏசினால் அவன் கணக்கை அழித்துவிட்டுப் போய்விடுவான். பதில் போடவில்லை, எதையும் அழிக்கவில்லை. அவன் நம்பர், புரொபைல் படம், திகதியும் நேரமும் தெரியும்படி ஒவ்வொரு செய்தி என்று ஸ்கிறீன்ஷொட் எடுத்தோம். ஒருதரம் மட்டும் பார்க்கக்கூடியதாக அனுப்பும் படத்தை வட்ஸ்அப் ஸ்கிறீன்ஷொட் எடுக்க விடாது. அதை இன்னொரு போனால்தான் படம் பிடிக்கவேண்டும். ஆனால் அது பிள்ளையின் ஆபாசப் படமாக இருந்தால் தொடவே வேண்டாம், போனை அப்படியே கொண்டுபோய்க் காட்டுங்கள். ‘பாருங்கோ’ என்று சொந்தக்காரருக்கு அனுப்பவும் கூடாது. அப்படியான படத்தைப் பரப்புவது தண்டனைச் சட்டக் கோவையின்படி குற்றம். இதெல்லாம் முடிந்த பிறகுதான் ரிப்போட் அடித்து புளொக் பண்ணினோம். ரிப்போட் அடித்தால் அவனிடமிருந்து கடைசியாக வந்த ஐந்து செய்திகள் வட்ஸ்அப் நிறுவனத்துக்குப் போகும். அவனுக்கு அது தெரியவராது.

பிறகு 1929 க்கு எடுத்தேன். அது தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலவச இலக்கம், எந்த நேரமும் எடுக்கலாம். தமிழில் கதைத்தார்கள், பதற்றப்படுத்தாமல் கேட்டார்கள். பொலிசில் முறைப்பாடு போடச் சொன்னார்கள்.

பொலிஸ் நிலையத்தில் முதலில் சந்தித்தவர், “நம்பரை புளொக் பண்ணிப்போட்டு விடுங்கோ, பிள்ளையின்ர பெயர்தான் கெடும்” என்றார். மகள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த வசனம் எனக்கு இன்னும் ஆறவில்லை. திரும்பி வந்து 1929 க்கு மறுபடி எடுத்துச் சொன்னேன். பிரதேச செயலகத்தில் சிறுவர் பாதுகாப்பு வேலை பார்க்கும் உத்தியோகத்தர் ஒருவர் அடுத்தமுறை எங்களோடு வந்தா. பொலிசின் சிறுவர், பெண்கள் பிரிவில் ஒரு பெண் உத்தியோகத்தர் மகளைத் தனி இடத்தில் இருத்தி, நான் பக்கத்தில் இருக்க, வாக்குமூலம் எடுத்தா. அது தமிழில் எழுதப்படவேண்டும் என்று கேளுங்கள், வாசித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்து வையுங்கள். முறைப்பாட்டு இலக்கத்தையும் வாங்கி வையுங்கள். பிறகு எங்கே போனாலும் அதைத்தான் கேட்கிறார்கள். +44 என்று இருப்பதால் ஆள் லண்டனில் இருக்கிறான் என்றில்லை, அப்படி நம்பரை எங்கிருந்தும் வாங்கலாம் என்பதையும் அந்தப் பெண் உத்தியோகத்தர்தான் விளங்கப்படுத்தினா.

படம் உண்மையிலேயே வெளியில் போய்விட்ட வீடுகளுக்கு ஒரு வழி இருக்கிறது. ‘ரேக் இற் டவுன்’ (Take It Down) என்ற இலவசச் சேவை, 18 வயதுக்கு முன் எடுத்த நிர்வாணப் படங்களுக்கானது. படம் உங்கள் போனை விட்டு வெளியே போகாது. அதிலிருந்து எடுக்கும் ஒரு குறியீடு மட்டும் போகும். பேஸ்புக், இன்ஸ்ரகிராம், ரிக்ரொக் போன்றவை அதை வைத்து அந்தப் படத்தைத் தேடித் தூக்கும். வட்ஸ்அப் போல, அனுப்புகிறவரும் பெறுகிறவரும் மட்டும் வாசிக்கக்கூடிய அரட்டைக்குள் மட்டும் அது எட்டாது.

மகள் கொஞ்சக் காலம் ரியூசனுக்குப் போக மறுத்தாள். பிரதேச செயலகத்தின் உளவளத்துணை உத்தியோகத்தரிடம் கூட்டிப்போனேன். அக்கம்பக்கம் என்ன நினைக்கும் என்று யோசித்து அதைத் தவிர்க்காதேயுங்கோ. அந்த அக்கா கேட்டதற்குப் பிறகுதான் அவள் வாய்விட்டு அழுதாள், நித்திரையும் கொண்டாள்.

போனில் செய்த மாற்றங்கள் சின்னவை. புரொபைல் படம் தெரிந்த ஆட்களுக்கு மட்டும், குறூப்பில் சேர்க்கக்கூடியவர்களும் அப்படியே. வெளிநாட்டுச் சொந்தம் என்று யார் வந்தாலும் முதலில் எனக்கு எடுக்கச் சொல்லவேண்டும். என் தம்பிக்கும் அதே விதிதான், அவன் கோவிக்கவில்லை.

பிறகு ரியூசன் சேரிடம் போனேன். குறூப்பின் இணைப்பு வகுப்பு விளம்பரத்தோடு பேஸ்புக்கில் கிடந்தது, யாரும் உள்ளே வரலாம். சேர் அன்றைக்கே இணைப்பை மாற்றி, அட்மின் சம்மதிக்காமல் எவரும் சேர முடியாதபடி வைத்தார். அம்மாமார் சேர்ந்து ஒவ்வொரு நம்பராகப் பார்த்தோம். எவருடைய பிள்ளையினதும் இல்லாத நம்பர்கள் இன்னும் சில அதற்குள் இருந்தன. அவற்றையும் ஸ்கிறீன்ஷொட் எடுத்து, முறைப்பாட்டு இலக்கத்தோடு பொலிசில் கொடுத்துவிட்டுத்தான் குறூப்பில் இருந்து நீக்கினோம்.