காணி கிடைக்காத நகரங்கள்

ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவை போன்ற நம்முடைய இலங்கை மலையக நகரங்களில் கடைகள் பிரதான வீதியை ஒட்டி நீண்டுகொண்டே போகின்றன. அவற்றின் பின்சுவருக்கு அப்பால் உடனே தேயிலை தொடங்கிவிடுகிறது. மலைச்சரிவுதான் காரணம் என்று பலர் சொல்வார்கள். ஆனால் கண்டியின் சுற்றுப்புறங்களும் சரிவிலேதான் இருக்கின்றன. அங்கே கிராமத்தவர்களின் சொந்தக் காணிகள் துண்டுதுண்டாகக் கைமாறி, வீடுகளாகவும் கடைகளாகவும் மாறி, நகரம் பரந்து வளர்ந்திருக்கிறது. எங்கள் நகரங்களைச் சரிவைவிட அதிகமாக நெருக்குவது காணி உரிமையே என்பது என் உறுதியான எண்ணம்.

பொதுவாக ஒரு நகரம் வளரும்போது, அதன் ஓரத்து நிலத்தில் பயிர் தரும் வருமானத்தைவிடக் கட்டடம் தரும் வருமானம் கூடுகிறது. அந்த நிலம் விற்கப்பட்டு நகரத்தோடு சேர்ந்துவிடுகிறது. மலையகத்தில் இந்த இயல்பான மாற்றம் நடக்க வழியில்லை. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டத்தைக் கொண்டு கைப்பற்றப்பட்ட நிலம் கோப்பித் துரைமார்களுக்கு விற்கப்பட்டது. கோப்பி நோயால் அழிந்த பின் அதே எல்லைகளுக்குள் தேயிலை வந்தது. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்கள் அந்தத் தோட்டங்களை அரசுக்கு மாற்றின. 1992இல் நிர்வாகம் தனியாருக்குப் போனது. பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் 53 ஆண்டுக் குத்தகை 2045 வரை நீள்கிறது. குத்தகைக்காரரான கம்பனி நிலத்தை விற்க முடியாது. உரிமையாளரான அரசுக்கு நகர ஓரத்து ஏக்கரும் மலை உச்சி ஏக்கரும் ஒரே தேயிலைக் காணிதான். தலைமுறை தலைமுறையாக அங்கே வாழும் தொழிலாளிக்கோ இந்தக் கணக்கில் இடமே இல்லை.

இதன் விலையை நாங்கள் நாள்தோறும் கொடுக்கிறோம். வீதியோரக் காணி குறைவாக இருப்பதால் கடை வாடகையும், கடையை எடுக்க முன்கூட்டியே கொடுக்கும் கீ மணியும் ஏறுகின்றன. சிறுமுதலோடு தொழில் தொடங்க விரும்பும் இளைஞருக்கு ஊரில் ஒரு சிறு கடையறைகூட எட்டாத தொலைவில் இருக்கிறது. ஆகவே அவர் கொழும்புக்குப் போகிறார், இன்னொருவருடைய கடையில் நிற்கிறார். அவர் மிச்சம் பிடித்து அனுப்பும் பணமும் ஊரில் முதலீடாக மாறுவதில்லை. லயம் எனப்படும் தோட்டத் தொழிலாளர் வரிசைக் குடியிருப்பில் சொந்தமில்லாத அறையைப் பெருப்பித்துக் கட்டத் துணிபவர் சிலரே. உறுதிப் பத்திரம் இல்லாதவர் அதை ஈடு வைத்து வங்கியில் கடன் பெறவும் முடியாது. எனவே சேமிப்பு நகையாகிறது, அவசரத்துக்கு அடகுக் கடைக்குப் போகிறது. ஒரு பிரதேசத்தின் உழைப்பு அந்தப் பிரதேசத்திலேயே தங்கி வளர்வதற்கு வேண்டிய முதல் படியே இங்கு இல்லை என்பது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது.

நிர்வாக ஏற்பாடுகளும் இந்தப் பிரிவினையைக் கெட்டிப்படுத்தின. குடிசன மதிப்பீடு நாட்டு மக்களை நகரம், கிராமம், தோட்டம் என்று மூன்றாகப் பிரிக்கிறது. டவுனிலிருந்து நடந்து போகும் தூரத்து லயத்தில் இருப்பவரும் தோட்டத்துறையினரே. 1987இல் வந்த பிரதேச சபைச் சட்டம் தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடுவதைத் தடுத்து வந்தது. 2018இல்தான் அது திருத்தப்பட்டது. முப்பது ஆண்டுகளாக ஒரு நகரமும் அதன் சந்தைக்கு உயிர் கொடுக்கும் மக்களும் தனித்தனியே திட்டமிடப்பட்டார்கள்.

அண்மைக்காலத் தனி வீட்டுத் திட்டங்கள் பலவற்றில் குடும்பத்துக்கு 7 பேர்ச் காணி என்பது வழக்கமாக இருந்தது. அது ஏறத்தாழ 1,900 சதுர அடி. வீடு கட்டிய பின் ஒரு கடையோ தொழிற்கூடமோ வைக்க அதில் அதிகம் மிஞ்சாது. தேயிலை நிலம் அழிந்துவிடும் என்ற வாதத்தை எண்களோடு பார்க்க வேண்டும். 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி அறிவித்த 10,000 வீடுகளுக்கு, வீட்டுக்கு 7 பேர்ச் வீதம், சுமார் 440 ஏக்கர் போதும். பாதை, வடிகால், விளையாட்டிடம் என்று அதை இரட்டிப்பாக்கினாலும், நாட்டின் சுமார் 2 இலட்சம் ஹெக்டேயர் தேயிலையில் அது ஆயிரத்துக்கு இரண்டு பங்கைக்கூட எட்டாது.

அளவைவிட இடமே எனக்கு முக்கியமாகப் படுகிறது. பஸ் வராத மலைமுகட்டில் வீடு கட்டிக் கொடுத்தால், அது நல்ல வீடாக இருந்தாலும் பொருளாதாரத்தில் இன்னொரு லயமாகவே நின்றுவிடும். அதே 7 பேர்ச் பிரதான வீதிக்கு அருகில் இருந்தால், முன்னறை தையல் கடையாகலாம், படித்த பிள்ளை வகுப்பு நடத்தலாம். 2014 ஒக்டோபரில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயன்கள் மண்ணுக்குள் புதைந்ததை மறக்காத எவரும், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு வரைபடத்தை வைத்தே அந்த இடங்களைத் தெரிவு செய்ய வேண்டும் என்பதை ஏற்பார்கள். 2045 வரை காத்திருக்காமல், நகர ஓரங்களில் மண்சரிவு அபாயம் இல்லாத சில நூறு ஏக்கரை இப்போதே குத்தகையிலிருந்து விடுவித்து, கணவன் மனைவி இருவர் பெயரிலும் உறுதிப் பத்திரத்தோடு வழங்குமாறு நமது பாராளுமன்ற உறுப்பினர்களிடம் நாம் கேட்க வேண்டும். வீட்டின் எண்ணிக்கையைக் கேட்பதோடு, அது எந்த வீதியிலிருந்து எவ்வளவு தூரத்தில் அமைகிறது என்பதையும் கேட்க வேண்டும்.