பள்ளியை விட்டு நிற்பது பற்றி யோசித்தபோது

ஒன்பதாம் வகுப்பு பாதியில் என் மகள் பள்ளிக்குப் போவது நின்றுபோனது. ஒரே நாளில் அல்ல. முதலில் திங்கட்கிழமை வயிற்றுவலி, அப்புறம் தேர்வுக்கு முந்தின நாள் தலைவலி, அப்புறம் யூனிஃபார்ம் போட்டு முடித்து ஷூவைக் கையில் வைத்தபடி வாசற்படியிலேயே உட்கார்ந்துவிடுவது. சனிக்கிழமை காலையில் இந்த வலி எதுவும் இருக்காது. இதைச் சொன்னால் உடனே "அப்ப நடிக்கிறா" என்பார்கள். ஞாயிறு சாயங்காலமே கை சில்லிட்டு, உள்ளங்கை வேர்த்துவிடும். அதை யாராலும் நடிக்க முடியாது.

"ஹோம் ஸ்கூலிங் பண்ணலாமாம்மா?" என்று முதலில் கேட்டது அவள்தான். நானும் அவள் அப்பாவும் அன்றைக்கே பதில் சொல்லவில்லை. "பார்க்கலாம், ஆனா முதல்ல டாக்டர்" என்றோம்.

டாக்டர் ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் படபடப்பும் கை நடுக்கமும் வரும். ரத்தசோகையாலும் நெஞ்சு படபடக்கும். இவற்றைத் தள்ளிவிட்டுத்தான் மனம் பக்கம் போக வேண்டும் என்றார். எல்லாம் சரியாக இருந்தது. அதன்பிறகு சைக்காலஜிஸ்ட்.

அவர் "ஏன் போக மாட்டேங்கிற" என்று கேட்கவே இல்லை. "போகாம இருந்தா உனக்கு என்ன கிடைக்குது?" என்று கேட்டார். கிறிஸ்டோபர் கியர்னி என்ற அமெரிக்க உளவியலாளர் பள்ளிக்குப் போக மறுப்பதை நான்கு வகையாகப் பிரித்திருக்கிறாராம். பள்ளியில் ஏதோ ஒன்று தரும் வேதனையிலிருந்து தப்பிப்பது. மற்றவர்கள் பார்க்க, எடைபோட நிற்பதிலிருந்து தப்பிப்பது. அம்மா அப்பா பக்கத்திலேயே இருக்க விரும்புவது. வெளியில் அதைவிட சுவாரசியமான ஒன்று இருப்பது. இதற்கென்று ஒரு கேள்வித்தாள் இருக்கிறது. பிள்ளை தனியாக, பெற்றோர் தனியாக நிரப்ப வேண்டும். என் தாளில் தேர்வு பயம் மேலே நின்றது. அவள் தாளில் இரண்டாவது வகை.

அதன்பிறகுதான் வகுப்பில் நடப்பதைச் சொன்னாள். ஆங்கிலப் பாடத்தை ரோல் நம்பர் வரிசையில் ஆளுக்கு ஒரு பத்தி சத்தமாக வாசிக்க வேண்டும். அவள் நம்பர் 23. டீச்சர் உள்ளே வந்ததும் நேற்று எந்த நம்பரில் விட்டார்கள் என்று பார்த்து, தனக்கு எந்தப் பத்தி வரும் என்று எண்ணிக் கண்டுபிடித்து, அதையே மனதுக்குள் வாசித்துக்கொண்டிருப்பாள். நடுவில் ஒருத்தி வராமல் போனால் கணக்கு மாறிவிடும். அப்போதுதான் மூச்சு முட்டும். பாடம் என்ன நடந்தது என்று கேட்டால் தெரியாது. மதிய இடைவேளையில் யார் பக்கத்தில் உட்காருவது என்பது அடுத்த கணக்கு.

சைக்காலஜிஸ்ட் ஹோம் ஸ்கூலிங்குக்கு எதிரியும் இல்லை, ஆதரவாளரும் இல்லை. அவர் சொன்னது இவ்வளவுதான்: பயந்த இடத்துக்குப் போகாமல் இருந்தால் உடனே ஒரு நிம்மதி வரும், அந்த நிம்மதிதான் அடுத்த நாள் பயத்துக்குத் தீனி. பதற்றத்துக்கான நடத்தை சிகிச்சை முழுக்க இதை மெதுவாகத் திருப்புவதுதான். பயப்படும் விஷயத்தைச் சின்னச் சின்னப் படியாக்கி, ஒவ்வொன்றிலும் பயம் தானாக இறங்கும்வரை நிற்கப் பழக்குவது. "வீட்ல படிக்க வைங்க, வேணாம்னு சொல்லல. ஆனா இந்தப் பழக்கம் எங்க நடக்கும்?" என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். பள்ளியில் யாராவது அடிக்கிறார்கள், கேலி செய்து துரத்துகிறார்கள், தொடக்கூடாத இடத்தில் தொடுகிறார்கள் என்றால் இந்தப் பேச்சே பொருந்தாது. அங்கே பயம் சரியாகத்தான் வேலை செய்கிறது. பிள்ளையை அங்கிருந்து எடுப்பதுதான் முதல் வேலை. உயிரை விட்டுவிடலாம் என்பது போல ஒரு வார்த்தை வந்தாலும் அப்படித்தான்: பள்ளி, படிப்பு எல்லாம் அப்புறம், அன்றைக்கே மருத்துவரிடம். இரண்டையும் நேராகவே கேட்டோம். இல்லை என்றாள்.

நின்றுவிடுவதற்கு முன் பள்ளியிடம் கேட்டுப் பார்த்தோம். வாசிப்பு வரிசையில் அவளைக் கொஞ்ச நாள் விட்டுவிடுவது, மூச்சு முட்டினால் கேட்காமலே எழுந்து வெளியே போக ஒரு சீட்டு, முதல் மாதம் அரை நாள். கிளாஸ் டீச்சர் தங்கமானவர், உடனே ஒத்துக்கொண்டார். மேலே இருந்தவர்கள் "எல்லாருக்கும் ஒரே ரூல்" என்றார்கள். அரை நாள் மட்டும் கிடைத்தது. சில வாரம் ஓடியது, பருவத் தேர்வு வந்ததும் நின்றது.

பிறகுதான் ஹோம் ஸ்கூலிங்கை உண்மையாகவே விசாரிக்க ஆரம்பித்தோம். முதலில் சட்டம். நாட்டுக்கு நாடு இது தலைகீழாக மாறுகிறது. ஜெர்மனியில் பள்ளிக்குப் போயே ஆக வேண்டும். பிரான்சில் 2022 முதல் முன் அனுமதி வேண்டும். அமெரிக்காவில் எல்லா மாநிலங்களிலும் செய்யலாம், விதிகள்தான் வேறு வேறு. இந்தியாவில் திறந்தநிலைப் பள்ளி வாரியத்தில் 14 வயது முடிந்தால் பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்யலாம். உங்கள் ஊரில் என்ன என்பதைக் கல்வி அலுவலகத்திலேயே எழுத்தில் கேட்டுவிடுங்கள். தேர்வை எந்த வாரியத்தின் கீழ் எழுதுவது, அந்தச் சான்றிதழை மேல்படிப்பில் ஏற்பார்களா என்று தெரியாமல் டிசி வாங்க வேண்டாம். திரும்பி வந்தால் சேர்ப்பீர்களா என்பதையும் டிசி வாங்குவதற்கு முன்பே கேளுங்கள். வாங்கிய பிறகு கேட்டால் குரல் வேறு மாதிரி இருக்கும்.

ஹோம் ஸ்கூலிங் செய்கிறவர்களிடம் பேசினால், பள்ளியில் இருந்த ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு மாதம் சும்மா விட வேண்டும், அப்போதுதான் பள்ளி வாசனை போகும் என்கிறார்கள். நல்ல மனதோடு சொல்வதுதான். பதற்றமுள்ள பிள்ளைக்கு அது சரிவராது என்பது என் எண்ணம். நாங்கள் ஒரு மாத மருத்துவ விடுப்பு எடுத்து ஒத்திகை பார்த்தோம். முதல் வாரம் அவளுக்கு வயிற்றுவலியே இல்லை, வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. அதைப் பார்த்தே முடிவு எடுத்திருக்கலாம். மூன்றாவது வாரம் தூக்கம் இரவு இரண்டு மணிக்குப் போய்விட்டது, ஃபோன் மணி அடித்தால்கூட எடுக்க மாட்டேன் என்றாள். பதின்ம வயதில் உடல் கடிகாரமே கொஞ்சம் பின்னால் நகரும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2014-இல், இந்த வயதினருக்குப் பள்ளி காலை 8:30-க்கு முன் தொடங்க வேண்டாம் என்றே சொன்னது. வெளியிலிருந்து பிடித்து நிறுத்த ஒன்றும் இல்லாவிட்டால் அது நழுவிக்கொண்டே போகிறது.

கடைசியில் வீட்டிலிருந்தே படிக்கட்டும் என்றுதான் முடிவு செய்தோம், நிபந்தனைகளோடு. அவளும் உட்கார்ந்து எழுதிய நிபந்தனைகள். தினமும் ஒருமுறை வெளியே போவது, சைக்காலஜிஸ்ட் தரும் படிகளை விடாமல் செய்வது, தன் வயதுப் பிள்ளைகள் இருக்கும் ஒரு வகுப்புக்காவது வாரம் தவறாமல் போவது. கணக்குக்கும் அறிவியலுக்கும் ஆள் வைத்தோம். எனக்குக் கற்றுக்கொடுக்கும் பொறுமை இல்லை. அம்மாவும் டீச்சரும் ஒரே ஆளாக இருப்பது பதினான்கு வயதில் யாருக்கும் நல்லதில்லை. நான் வேலையைப் பாதி நேரமாகக் குறைத்துக்கொண்டேன், வருமானமும் பாதியானது. தாங்க முடியுமா என்று முன்கூட்டியே பார்க்க வேண்டிய கணக்கு அது.

படிப்பு பயந்த அளவுக்குக் கஷ்டமாக இல்லை. ஒருவருக்கு ஒருவர் என்றால் பள்ளியில் ஒரு நாள் இழுக்கும் பாடம் காலை நேரத்திலேயே முடிந்துவிடுகிறது. கஷ்டம் படிகளில்தான். முதல் படி, கடையில் ஒரு பொருள் எங்கே இருக்கிறது என்று கேட்பது. ஐந்து நிமிடம் அலமாரிக்கு முன்னால் நின்றாள். கேட்டாள். கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கையைக் காட்டினார். "அவ்ளோதானா?" என்று வெளியே வந்து கேட்டாள். சத்தமாக வாசிப்பது இப்போதுதான் வந்திருக்கிறது: முதலில் எனக்கு, பிறகு அவள் அப்பாவுக்கு, இப்போது ஓவிய வகுப்பில் இரண்டு பேருக்கு.

உறவினர்கள் பேசினார்கள். பேசட்டும்.

இப்போதைய பிரச்சினை அறிவியல் செய்முறை. வீட்டில் ஆய்வகம் கிடையாது, தேர்வுக்கு அது கட்டாயம். விசாரித்ததில் ஒரு இடத்தில் எடுக்கிறார்கள், ஆனால் பத்துப் பேர் குழுவாகத்தான், செய்ததை நின்று விளக்கவும் வேண்டும். அவளுக்கு அடுத்த படி அதுதான் என்பது என் கட்சி. அவள் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்த வாரம் சைக்காலஜிஸ்ட் முன்னால் உட்கார்ந்து பேசுவதாக இருக்கிறோம்.