எஸ்டிஆர் ஆபரேஷன்: முடிவெடுக்கும் முன் குழந்தையின் காலைச் சரியாகப் பாருங்கள்

பெருமூளை வாதம் உள்ள குழந்தைக்கு எஸ்டிஆர், அதாவது செலக்டிவ் டார்சல் ரைசாட்டமி (கால் இறுக்கத்தைக் குறைக்க, தண்டுவடத்துக்குள் போகும் உணர்வு நரம்பு வேர்களில் ஒரு பகுதியை வெட்டும் ஆபரேஷன்) செய்யலாமா என்று பெற்றோர் கேட்கும்போது, எம்ஆர்ஐக்கும் முன்னால் பார்க்க வேண்டியது குழந்தையின் காலை. மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்காலை நீட்டிப் பிடித்து, பாதத்தை மேல்நோக்கி வேகமாகத் தள்ளினால் ஓரிடத்தில் வெடுக்கென்று பிடித்துக்கொள்ளும். அதே பாதத்தை மெதுவாகத் தள்ளுங்கள். அந்த இடத்தையும் தாண்டி நன்றாக மடங்கினால், தடுத்தது தசை இறுக்கம். மெதுவாகத் தள்ளியும் அங்கேயே நின்றுவிட்டால், தசையே குட்டையாகிவிட்டது. எஸ்டிஆர் முதல் வகையை மட்டுமே தீர்க்கும். குட்டையான தசைக்கு எலும்பு மருத்துவர் செய்யும் தசைநாண் நீட்டல் தேவைப்படலாம்.

தசை இழுபடும்போது அந்தச் செய்தி உணர்வு நரம்பின் வழியே தண்டுவடத்துக்குப் போகிறது. மூளையிலிருந்து வரவேண்டிய கட்டுப்பாடு குறைந்திருப்பதால், தண்டுவடம் அளவுக்கு மீறிப் பதில் தருகிறது. உள்ளே போகும் செய்தியைக் குறைத்தால் பதிலும் குறையும். ஜெர்மன் நரம்பியல் மருத்துவர் ஃபோயர்ஸ்டர் 1908லேயே பின்வேர்களை, அதாவது இந்த உணர்வு நரம்புகள் தண்டுவடத்தில் நுழையும் வேர்களை, வெட்டினார். 1980களில் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் நரம்பியல் அறுவை மருத்துவர் வார்விக் பீக்காக், வெட்டும் இடத்தைக் கீழே இடுப்புப் பகுதி வேர்களுக்கு இறக்கி, சிறுநீர்ப்பை நரம்புகளை அடையாளம் கண்டு காப்பாற்றுவதை எளிதாக்கினார். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் நரம்பியல் அறுவை மருத்துவர் டி.எஸ். பார்க் ஒரே ஒரு முதுகெலும்பின் பின்பகுதியைத் திறந்து செய்யும் முறையை நிலைநிறுத்தினார்.

ஆபரேஷன் மேஜையில் நடப்பது நுணுக்கமான வேலை. முதலில் இயக்க வேரையும் உணர்வு வேரையும் பிரிப்பார்கள். பிறகு ஒவ்வொரு உணர்வு வேரையும் மூன்று முதல் ஐந்து இழைகளாகப் பிரித்து, ஒவ்வோர் இழையிலும் மின்தூண்டல் கொடுப்பார்கள். அந்த வேருக்குரிய தசை மட்டும் சுருங்கினால் இழையை விட்டுவிடலாம். பக்கத்துத் தசைகளும், இன்னும் மோசமாக எதிர்க்காலும் சுருங்கினால் அது வெட்டப்படும். மொத்தத்தில் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை வெட்டுவது வழக்கம். தசைகளின் பதிலைப் பார்க்க வேண்டியிருப்பதால், அந்த நேரத்தில் தசை தளர்த்தி மருந்து வேலை செய்துகொண்டிருக்கக் கூடாது. மயக்க மருத்துவர் இதில் பழகியவராக இருப்பது மிக முக்கியம்.

இறுக்கம் போனதும் அடியில் இருந்த பலவீனம் வெளியே தெரியும். சில குழந்தைகளை இதுவரை நிற்க வைத்ததே அந்த இறுக்கம்தான். அதனால்தான் கையைப் பிடித்துக்கொண்டு குந்தி மெதுவாக எழ முடிகிறதா என்று முன்பே பார்க்கிறோம். முடியாத குழந்தைக்கு, ஆபரேஷனுக்குப் பிறகு முழங்கால் மடங்கித் தொய்ந்துபோகலாம். ஏற்ற குழந்தை பெரும்பாலும் குறைமாதத்தில் பிறந்து, இரண்டு கால்களிலும் இறுக்கம் உள்ள, 4 முதல் 10 வயதுக்குள், தானாகவோ வாக்கர் பிடித்தோ நடக்கும் குழந்தை. டிஸ்டோனியா, அதாவது தானாக முறுக்கிக்கொள்ளும் அசைவு மேலோங்கியிருந்தால் வேண்டாம். பின்வேரை வெட்டினாலும் அது நிற்காது. நடக்கவே முடியாத, உடல் முழுக்க இறுகிய குழந்தைக்குப் பெரும்பாலும் வயிற்றில் வைத்து, இறுக்கம் குறைக்கும் பேக்லோஃபென் மருந்தைத் தண்டுவடத்தைச் சுற்றிய நீரில் செலுத்தும் பம்ப்தான் பொருத்தம். ஆனால் அதில் மருந்து நிரப்பும் தேதி தவறவே கூடாது. திடீரென நின்றால் அரிப்பு, காய்ச்சல், கடும் இறுக்கம் என்று தொடங்கி உயிருக்கே ஆபத்தாகும்.

எஸ்டிஆருக்குப் பிறகு முதல் சில வாரங்கள் பாதத்தில் எரிச்சலோ கூச்சமோ இருக்கலாம், பெரும்பாலும் தணிந்துவிடும். காலுறை போட்டுவிட்டால் தாங்கிக்கொள்வார்கள். பிசியோதெரபி முதல் ஆறு மாதங்கள் வாரத்தில் நான்கைந்து நாள் தேவை. அதற்கு வீட்டில் வழியில்லை என்றால் தேதி குறிக்காதீர்கள். பலமில்லாத கால் தானாகப் பலம் பெறாது. இடுப்பு எக்ஸ்ரேயையும் நிறுத்தக் கூடாது. இறுக்கம் குறைந்த பிறகும் தொடை எலும்பின் தலை குழியிலிருந்து மெல்ல விலகலாம், ஆரம்பத்தில் வலியே இருக்காது. 6 அல்லது 12 மாதத்துக்கு ஒருமுறை எடுங்கள். அந்த எலும்புத் தலையின் மூன்றில் ஒரு பங்கு குழிக்கு வெளியே வந்துவிட்டால் குழந்தைகள் எலும்பு மருத்துவரை உடனே பாருங்கள்.