கொத்துக்கறிக்கு எந்த மெஷின்?

முன்பெல்லாம் எங்கள் பக்கத்துக் கறிக்கடையில் அரைக்கிலோ கொத்துக்கறி கேட்டால் புளியங்கட்டையில் வைத்துக் கத்தியாலேயே கொத்திக் கொடுப்பார்கள், இப்போது ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அதற்கெல்லாம் நேரம் ஏது, எல்லாம் மெஷின்தான். எனக்கு முன்னால் நின்றவரின் கோழி மிச்சமும் என் ஆட்டுக்கறியோடு சேர்ந்து வருகிறது. வீட்டு மிக்ஸியும் சரிப்படவில்லை. நிமிடத்துக்கு 18,000 சுற்று சுற்றும் பிளேடு பச்சைக்கறியை அடித்துக் கூழாக்கிவிடுகிறது, கோலா உருண்டை உள்ளே களி மாதிரி ஆகிறது. அம்மா அரிவாள்மனையில் பொடிப்பொடியாக அரிந்து அம்மியில் ஒரு ஓட்டு மட்டும் ஓட்டி எடுப்பார், கடித்தால் கறி பல்லில் தட்டுப்படும். அந்தப் பதம் வேண்டும் என்றுதான் மெஷின் தேடினேன்.

முதலில் ஆன்லைனில் வாங்கியது கரண்டில் ஓடுவது. பெட்டியில் 2000 வாட்ஸ் என்று பெரிதாகப் போட்டிருந்தது, அடியில் ஒட்டிய சின்ன ஸ்டிக்கரில் 350. மோட்டார் சுற்ற முடியாமல் சிக்கி நிற்கும் நொடியில் எவ்வளவு கரண்ட் இழுக்குமோ அதைத்தான் பெட்டியில் போடுகிறார்கள். வீட்டுக்கு 350 போதும், அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் மூன்றாவது மாதம் தொடைக்கறிச் சவ்வு பிளேடில் சுற்றிக்கொண்டு உள்ளே இருந்த பிளாஸ்டிக் பல்சக்கரம் உடைந்துவிட்டது. சிக்கினால் மோட்டார் எரியாமல் சக்கரம் மட்டும் போகட்டும் என்று வேண்டுமென்றே அப்படிச் செய்வதுண்டு, சரி, நியாயம்தான். மாற்றுச் சக்கரம் கிடைக்க வேண்டுமே! ஒன்றரை மாதம் அலைந்தும் கிடைக்கவில்லை. வாங்கும் முன்பே அதைக் கட்டாயம் விசாரித்துவிடுங்கள்.

மாவு பிசையும் ஸ்டாண்ட் மிக்சரின் முன்பக்கம் கறி அரைக்கும் தலையை மாட்டலாம், கிச்சன்எய்ட் கம்பெனி மிக்சரில் அது உண்டு. வாரா வாரம் பன், ரொட்டி செய்கிற வீட்டுக்கு நல்ல வழி. நாங்கள் சப்பாத்திக்கே கையால் பிசைகிறவர்கள், மாதம் இரண்டு தடவை கொத்துக்கறிக்காக அவ்வளவு பணம் போட மனம் வரவில்லை.

கடைசியில் வாங்கியது கையால் சுற்றும் வார்ப்பிரும்பு மெஷின், 10ஆம் நம்பர். இரண்டு வருடமாக அதுதான், திருப்தியாக இருக்கிறது. இந்த நம்பர், கறி வெளியே வரும் ஓட்டைத் தட்டின் அளவு. 8 என்றால் தட்டு சுமார் 62 மில்லிமீட்டர், 10, 12 இரண்டுக்கும் 70, 22 என்றால் 82. நாலு பேர் இருக்கும் வீட்டுக்கு 8 அல்லது 10 தாராளம். ஆனால் மேசை விளிம்பில் திருகி மாட்டும் அதன் பிடி நம் வீட்டுக் கிரானைட் மேடையில் பெரும்பாலும் உட்காராது, விளிம்பில் பட்டை ஒட்டித் தடிப்பாக இருக்கும், கீழே கப்போர்டு வேறு. அளந்து பார்த்துவிட்டு வாங்குங்கள். நான் பழைய மரப்பெஞ்சில் மாட்டுகிறேன், ஆடாமல் இருக்க மறுமுனையில் மகள் உட்கார்ந்துகொள்வாள்.

அப்புறம், எந்த மெஷினாக இருந்தாலும் கறி சில்லென்று இருக்க வேண்டும், பாதிப் பதம் அதில்தான் இருக்கிறது. சவ்வை எடுத்து ஓர் அங்குலத் துண்டுகளாக்கி அரைமணி நேரம் ஃப்ரீசரில் வைக்கிறேன், ஓரம் விறைத்தால் போதும், கல்லாக உறையக்கூடாது. மெஷினின் தலையையும் கூடவே உள்ளே வைத்துவிடுவேன். சூடு ஏறினால் கொழுப்பு இளகித் தட்டில் அப்பிக்கொள்ளும், கறி வெட்டுப்படாமல் நசுங்கி வரும். பிளேடைத் திருப்பி மாட்டினாலும் இதே கதிதான், அதன் தட்டையான பக்கம் ஓட்டைத் தட்டோடு ஒட்டியிருக்க வேண்டும். கோலா உருண்டைக்கு முதலில் 8 மில்லிமீட்டர் அகல ஓட்டைகள் உள்ள தட்டில் ஒரு சுற்று, பிறகு 5 மில்லிமீட்டர் ஓட்டைத் தட்டில் இன்னொரு சுற்று.

உள்ளே தங்கும் கறியைத் தள்ள கடைசியில் ஒரு துண்டு ரொட்டியைப் போட்டுச் சுற்றுவேன். உடனே வெந்நீரும் சோப்பும் போட்டுக் கழுவி, துடைத்து வெயிலில் காயவைத்து, லேசாக எண்ணெய் தடவி, துரு பிடிக்காமல் இருக்கப் பிளேடையும் தட்டையும் ஒரு கைப்பிடி அரிசியோடு டப்பாவில் போட்டு மூடிவிடுவேன்.