மொட்டை மாடியில் பாதி கேன் தண்ணீர்

டெக்சாஸிலிருந்து அண்ணன் மகள் லீவுக்கு வந்திருந்தாள். மந்தைவெளியில் எங்கள் வீட்டு மொட்டை மாடிக்குக் காலை ஐந்தரைக்கெல்லாம் ஏறிவிடுவாள், எட்டு மணிக்கு மேல் அங்கே கால் வைக்க முடியாது. பள்ளியில் சியர்லீடிங் போட்டி அணியில் இருக்கிறாள். இதைக் கேட்டதும் சொந்தக்காரர் ஒருவர், "ஐபிஎல்ல ஆடுவாங்களே, அதானே?" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது, 2008ல் ஐபிஎல் வந்தபோதுதான் நம்மில் பலருக்கு அந்த வார்த்தையே தெரியும். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், அவள் பயிற்சி செய்வதைக் கிட்ட உட்கார்ந்து பார்க்கும்வரை.

போட்டியில் ஒரு அணிக்கு மொத்தமே இரண்டரை நிமிடம்தான். அதற்குள் கரணம், தாவல், ஆட்டம், பிரமிட், ஆளைத் தூக்கி வீசிப் பிடிப்பது, எல்லாம் முடியவேண்டும். மேலே போகிறவள் ஃப்ளையர். அவள் பாதத்தை உள்ளங்கையில் தாங்கும் இரண்டு பேர் பேஸ். பின்னால் நின்று கணுக்காலைப் பிடித்துக்கொண்டு, சரிந்தால் தலையும் கழுத்தும் அடிபடாமல் பார்த்துக்கொள்பவள் பேக்ஸ்பாட். எங்கள் பெண் பேஸ்.

அணி இங்கே இல்லையே, யாரைத் தூக்குவாள்? தண்ணீர் கேனைத் தூக்கினாள். இருபது லிட்டர் கேனில் பாதியைக் குடத்தில் ஊற்றிவிட்டு மீதியோடு மேலே கொண்டுபோனாள். முழு கேன்தானே கனம் என்று கேட்டேன். "இல்ல அத்தை, பாதின்னாதான் தண்ணி உள்ள ஆடும், ஆளும் அப்படித்தான் ஆடுவா" என்றாள். முட்டியை மடக்கி எழுந்தாள், அந்த வேகத்திலேயே கேன் தலைக்கு மேலே போய்விட்டது, கை கடைசியில் பூட்டுப் போட்டதுபோல நின்றது, அவ்வளவுதான். தூக்குவது கை இல்லை, கால். உள்ளே தண்ணீர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மோத, மணிக்கட்டில் நரம்பு புடைக்க, தண்ணீர் அடங்கும்வரை கண்ணை இமைக்காமல் மேலேயே பார்த்துக்கொண்டு நின்றாள். வியர்வை கண்ணில் இறங்கியது, துடைக்கவில்லை. இப்படி ஒரு காலைக்கு முப்பது முறையாவது இருக்கும்.

எல்லாம் எட்டு எண்ணிக்கையில். நான் சின்ன வயதில் பரதம் கற்றவள், ஆதி தாளத்தின் எட்டு எனக்கு ரத்தத்தில் இருக்கிறது, அதனால் அவள் எண்ணும்போது என் கை தானாகத் தொடையில் தட்டியது. ஆனால் நான் அரை மாத்திரை பிந்தினால் டீச்சரிடம் திட்டு வாங்குவேன், அதோடு சரி. இங்கே ஒரு பேஸ் பிந்தினால் மேலே இருப்பவளின் ஒரு பாதம் தாழும், தாழ்ந்தால் சரிவாள். மேலே இருப்பவளும் பயந்து உடம்பைத் தளர்த்தவோ குனிந்து பார்க்கவோ கூடாதாம். விறைப்பாக இருந்தால் தாங்கிவிடலாம், துவண்டால் கனம் இரட்டிப்பானதுபோல் இருக்கும் என்றாள்.

"அப்படியும் விழுந்தா?"

"தரையில விழ விடமாட்டோம் அத்தை. நாங்க அடியில போயாவது பிடிச்சிடுவோம்." சட்டைக் கழுத்தை விலக்கிக் காட்டினாள், தோள்பட்டை எலும்பின்மேல் பழைய காயம் மஞ்சளாக இருந்தது. பதினாறு வயது.

2021ல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி சியர்லீடிங்கின் உலக அமைப்புக்கு முழு அங்கீகாரம் கொடுத்துவிட்டது. இதெல்லாம் ஒரு விளையாட்டா என்று இன்னும் கேட்பவர்களை எனக்கு ஒரு காலை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போகவேண்டும் போலிருக்கிறது.

போன வாரம் ஊருக்குத் திரும்பிவிட்டாள். அப்புறம் பழைய போட்டி வீடியோ ஒன்றை அனுப்பியிருந்தாள். மேலே ஒற்றைக் காலில் சிரித்துக்கொண்டு நிற்கும் பெண்ணைத்தான் கேமரா காட்டுகிறது. எங்கள் பெண்ணின் முகம் தெரியவில்லை, அண்ணாந்த கழுத்தும் இரண்டு கையும்தான். நிறுத்தி நிறுத்தி நான்கு முறை பார்த்தேன். கை அசையவே இல்லை.