மகள் கேட்ட நீல மீன்

சனிக்கிழமை டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் ஒரு மீன் கடைக்கு மகளைக் கூட்டிப்போனேன், பிறந்தநாளுக்கு நீல டாங் மீன்தான் வேண்டும் என்று ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். எப்படிப் பிடித்த மீன் என்று கடைக்காரரிடம் விசாரித்தேன். இந்தோனேசியாவிலிருந்து வருகிறது, அதற்கு மேல் தெரியாது என்றார். அவர் மேல் கோபமில்லை, ஆனால் எனக்கு வாங்க மனம் வரவில்லை.

உப்புத்தண்ணீர் தொட்டிக்கு வரும் மீன்களில் பெரும்பாலானவை இன்றும் கடலில் பிடித்தவைதான். 1960களில் பிலிப்பைன்ஸில் தொடங்கி இந்தோனேசியாவுக்கும் பரவிய வழக்கம் ஒன்று இருக்கிறது: சோடியம் சயனைடைத் தண்ணீரில் கரைத்து, பிளாஸ்டிக் பாட்டிலில் அடைத்து, பவளப்பாறைப் பொந்துக்குள் பீய்ச்சி, மயங்கிய மீனை அள்ளிக்கொள்வார்கள், உள்ளே ஒளிந்ததை எடுக்கப் பாறையையே உடைப்பார்கள். இரண்டு நாட்டிலும் சட்டப்படி தடைதான், இருந்தும் முழுசாக நிற்கவில்லை. அந்த விஷத்தில் சுற்றியிருக்கும் குஞ்சுகளும் பவள உயிரிகளும் சாகின்றன. நூறு நூறு வருஷமாக வளர்ந்த பாறை அது, நினைத்தாலே வயிறு எரிகிறது.

கோமாளி மீனைத் தொட்டியிலேயே பொரிக்க வைத்து வளர்க்கிறார்கள், பங்காய் கார்டினல் என்கிற இன்னொரு கடல் மீனையும் அப்படித்தான். நீல டாங்கைக்கூட 2016இல் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தார் வளர்த்துக் காட்டிவிட்டார்கள், ஆனால் கடைக்கு வருவது இன்னும் பெரும்பாலும் கடல் மீன்தான்.

சரி, டர்பன் பக்கம் பண்ணையில் வளர்த்த கோமாளி மீன் விற்கும் கடை தெரிந்தவர்கள் கீழே சொல்லுங்கள். பிறந்தநாள் வரும் வியாழக்கிழமை.