ஃபேன் சுற்றுகிறது, திரை இருட்டு

திரையில் எழுத்து வந்தபோது இரவு ஒன்றரை மணி. நானே ஒரு கம்ப்யூட்டர் பூட்டலாம் என்று மதர்போர்டு பெட்டியைப் பிரித்து அன்றோடு எட்டு நாள்.

என் கணக்கு இதுதான்: புரோசசரில் கஞ்சத்தனம் வேண்டாம், போர்டில் மிச்சம் பிடிக்கலாம். புரோசசர் ஏஎம்டி கம்பெனியின் ரைசன் 5 5600. போர்டு, பி450 சிப்செட்டில் (புரோசசரை மற்ற பாகங்களோடு இணைக்கும் சில்லு) கிடைத்ததிலேயே விலை குறைந்த, மைக்ரோ ஏடிஎக்ஸ் என்ற சிறிய அளவுப் போர்டு. பி550 எடுத்தால் செலவு கூடும். புரோசசர் உட்காரும் சாக்கெட் இரண்டிலும் ஏஎம்4தானே என்று நினைத்தேன். "ஏஎம்4னா எல்லாம் ஓடும் சார்" என்றார் கடைக்காரரும். சாக்கெட்டில் உட்காரும் என்ற வரையில் அவர் சொன்னது உண்மை.

பி450 வந்தது 2018-ல். 5600 வந்தது 2022 ஏப்ரலில். போர்டில் பழைய பயாஸ் (பவர் வந்ததும் கம்ப்யூட்டரை எழுப்பும், போர்டுக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) இருந்தால், அதற்குப் பிறகு வந்த புரோசசரை அதற்கு அடையாளம் தெரியாது. நான் வாங்கிய பெட்டி எத்தனை நாள் அலமாரியில் தூங்கியதோ, மேலே ரைசன் 5000-க்குத் தயார் என்ற ஸ்டிக்கர் இல்லை. அப்படி ஒரு ஸ்டிக்கரைத் தேட வேண்டும் என்றே எனக்குத் தெரியாது.

எல்லாவற்றையும் மாட்ட ஒரு மாலை போதுமானதாக இருந்தது. பட்டனை அழுத்தினேன். ஃபேன் சுற்றியது, கேபினட் விளக்கு எரிந்தது, மானிட்டர் மட்டும் நோ சிக்னல் என்றது. பார்த்தால் எச்டிஎம்ஐ வயரைப் போர்டிலேயே சொருகியிருக்கிறேன். 5600-க்குள் கிராபிக்ஸ் கிடையாது. பின்னால் ஜி போட்ட 5600ஜி-யில்தான் உண்டு. இதுதான் கோளாறு என்று சந்தோஷமாக வயரைக் கிராபிக்ஸ் கார்டுக்கு மாற்றினேன். அப்போதும் இருட்டு.

அடுத்த இரண்டு நாள் ரேமைச் சந்தேகப்பட்டேன். ஒன்றைக் கழற்றி, மற்றதை மாற்றி, துளை மாற்றி, பயாஸ் அமைப்புகளை நினைவில் வைக்கும் சிமாஸ் பேட்டரியைக் கழற்றி மாட்டி... எதுவும் நடக்கவில்லை. எங்கே தடுக்கிறது என்று காட்ட சில போர்டுகளின் ஓரத்தில் சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று நாலு சின்ன விளக்குகள் இருக்கும். என் போர்டில் அது இல்லை. பீப் அடிக்க ஸ்பீக்கரும் பெட்டியில் வரவில்லை. விலை எங்கே குறைந்தது என்று அன்று புரிந்தது.

போர்டைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். அவர்கள் தங்களிடம் இருந்த ஏதோ பழைய ரைசனைப் போட்டார்கள். உடனே டிஸ்ப்ளே வந்தது. "போர்டு நல்லாத்தான் சார் இருக்கு. உங்க புரோசசரைப் பாருங்க." சரி என்று திரும்பிவிட்டேன். வீட்டுக்கு வந்து போர்டு கம்பெனியின் தளத்தைப் பார்த்தேன். ஒவ்வொரு மாடலுக்கும் அங்கே புரோசசர் பட்டியல் உண்டு. எந்தப் புரோசசருக்குக் குறைந்தது எந்தப் பயாஸ் பதிப்பு வேண்டும் என்பது நேர் எதிரே எழுதியிருக்கும். 5600-க்கு எதிரே இருந்த பதிப்பையும் என் போர்டின் ஸ்டிக்கரில் இருந்ததையும் ஒப்பிட்டதும் தலையில் அடித்துக்கொண்டேன். கடை மேசையில் பழைய புரோசசரோடு போர்டு ஓடிக்கொண்டிருந்ததே, ஒரு பென்டிரைவ் இருந்திருந்தால் அங்கேயே புதிய பயாஸை ஏற்றிப் பத்து நிமிடத்தில் வேலை முடிந்திருக்கும்!

மறுபடி போனேன், பென்டிரைவோடு. "பயாஸ் எல்லாம் நாங்க தொடுறதில்ல சார், வாரன்டி பிரச்சினை வரும்." முதல் நாள் மேசையில் இருந்த அந்தப் பழைய புரோசசரும் இப்போது இல்லையாம்.

கடைசியில் நண்பன் கைகொடுத்தான். அவனிடம் மாதக்கணக்கில் தூங்கிய ஒரு கம்ப்யூட்டரில், என் போர்டின் பழைய பயாஸுக்கும் தெரிந்த ரைசன் 3 2200ஜி இருந்தது. அதன் மேல் இருந்த கூலரின் திருகுகளைக் கழற்றி மேலே இழுத்தேன். 'டக்' என்று ஒரு சத்தம். கூலரோடு ஒட்டிக்கொண்டு புரோசசரும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. சூட்டைக் கடத்த இரண்டுக்கும் நடுவில் தடவும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து பசை மாதிரி பிடித்திருந்தது. மூலையில் இரண்டு பின்கள் சாய்ந்திருந்தன. "மச்சான், என்னடா பண்ணின" என்றான், ரொம்ப மெதுவான குரலில். லெட் பென்சிலில் லெட்டை எடுத்துவிட்டு, அந்த வெற்று முனைக்குள் பின்னை நுழைத்து மயிரிழை மயிரிழையாக நிமிர்த்தினேன். அரை மணி நேரம் இருவரும் மூச்சுவிட்டோமா என்று தெரியவில்லை. ஏஎம்4-ல் பின்கள் புரோசசரின் அடியில் இருப்பதால் வரும் ஆபத்து இது. கழற்றும் முன் கொஞ்ச நேரம் கம்ப்யூட்டரை ஓடவிட்டு, அணைத்து, சூடு ஆறுமுன் கூலரை இடமும் வலமும் மெல்லத் திருகிவிட்டுத் தூக்குங்கள்.

2200ஜி உட்கார்ந்தது, டிஸ்ப்ளே வந்தது. இன்னொரு முட்டுக்கட்டை: புதிய பயாஸை நேராக ஏற்ற முடியாது, இடையில் ஒரு பதிப்பைப் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று தரவிறக்கப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது. நல்லவேளை படித்தேன். இரண்டு முறையும் அந்தப் பட்டை நகர்ந்து முடிகிறவரை, கரண்ட் போனால் போர்டு காலி என்ற பயம்தான். அப்புறம் 5600-ஐ மாட்டினேன். ஒன்றரை மணிக்கு அதன் பெயர் திரையில் வந்தது. விண்டோஸ் ஏற்றியதெல்லாம் சொல்லும்படியாக இல்லை. ரேம் மட்டும் 2400 வேகத்தில் ஓடியது. பயாஸில் எக்ஸ்எம்பி-யை (ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவிடும் அமைப்பு) போட்டதும் 3200-க்கு வந்தது.

இப்போது வாங்கச் சொன்னால் போர்டின் பின்பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பேன். பயாஸ் ஃபிளாஷ்பேக் என்ற சின்னப் பட்டன் இருந்தால் புரோசசரே தேவையில்லை. பவர் கொடுத்து, ஃபேட்32-வாக ஃபார்மேட் செய்த பென்டிரைவில், அவர்கள் சொல்லும் பெயரில் ஃபைலைப் போட்டு அழுத்தினால் போதும். அந்தப் பட்டனுக்காகக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பதில் தப்பே இல்லை.

இன்டெல் பக்கம் போகிறவர்களும் கவனம். எச்610, பி760 சிப்செட் இரண்டிலும் டிடிஆர்4 ரேமுக்கான போர்டும் உண்டு, அதற்கு அடுத்த தலைமுறையான டிடிஆர்5 ரேமுக்கான போர்டும் உண்டு. பெயர் கிட்டத்தட்ட ஒன்றுதான், ரேமோ ஒன்றில் இருப்பது மற்றதில் நுழையாது. 12-ஆம் தலைமுறைக் காலத்தில் செய்த போர்டில் 14-ஆம் தலைமுறைப் புரோசசரைப் போட்டால் அங்கும் இதே பயாஸ் கதைதான்.

2200ஜி-யை மறுநாள் திருப்பிக் கொடுத்தேன். ஏஎம்4-க்கு மொத்தம் 1331 பின். நண்பன் எண்ணவில்லை, ஆனால் விளக்குக்கு அடியில் பிடித்து, சாய்த்துச் சாய்த்து, வரிசை வரிசையாகப் பார்த்துவிட்டுத்தான் வாங்கிக்கொண்டான்.